படிவம் கேட்கும் பரிவு

பாய்லர் என்று சொன்னதும், தோழர்களே, நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு காலத்திலே பளபளவென்று நின்றுகொண்டிருந்த செப்புப் பாத்திரந்தான் உங்கள் நினைவுக்கு வரும். நடுவே ஒரு குழாய், குழாயிலே கரி, சுற்றிலும் தண்ணீர். மார்கழி விடியலில் பாட்டி எழுந்து நெருப்பு மூட்டுவாள். பேரப்பிள்ளைகளுக்கு வெந்நீர் கிடைக்கும். அந்தப் பாய்லர் ஒருநாள் ஓட்டையாகிவிட்டால் என்ன நேரும்? அடுப்பிலே தவலையை ஏற்றுவார்கள். அதுவும் இல்லையென்றால், பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரைத் தலையிலே ஊற்றிக்கொள்வார்கள். அத்தோடு முடிந்தது கதை. உயிருக்கு ஊறு இல்லை.

உயிருக்கு ஊறு விளைகின்ற நாடும் ஒன்று உண்டு. கடல் கடந்து வந்து நம்மைக் கட்டியாண்ட நாடு அது. கதிரவன் மறையாத பேரரசு எங்களுடையது என்று கழறிய நாடு. அந்தப் பிரிட்டனிலே, பாய்லர் என்பது குளிப்பதற்கு வெந்நீர் தரும் பாத்திரம் மட்டுமன்று, வீட்டின் இதயம்! சமையற்கட்டுச் சுவரிலே ஒரு பெட்டி. அதற்குள்ளே எரிவாயு எரிகிறது, தண்ணீர் சூடாகிறது, சூடான தண்ணீரைப் பம்பு ஒன்று குழாய் வழியே அறைதோறும் அனுப்புகிறது. அறையிலே நிற்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகை அந்தச் சூட்டை வாங்கி, உள்ளே வாழ்வோருக்கு வழங்குகிறது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே இப்படித்தான் குளிரை வெல்கின்றன. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழுகின்ற நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பாய்லர் நின்றுபோன ஒரு ஜனவரி இரவு எத்தகையது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

வீட்டுக்குள்ளே குறைந்தது 18 டிகிரி வெப்பமேனும் இருத்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுரை வழங்கியது. அதற்குக் கீழே இறங்க இறங்க, முதியோரின் இரத்த அழுத்தம் ஏறுகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது, நெஞ்சு நோவு நெருங்குகிறது. சுவரிலே ஈரம் கசிகிறது. ஈரத்திலே பூஞ்சை பூக்கிறது. அந்தப் பூஞ்சையைக் குழந்தை மூச்சோடு உள்ளே இழுக்கிறது. பழுதான பாய்லர் என்பது அங்கே மருத்துவமனைக்குப் போகும் பாதையின் முதல் மைல்கல்.

மாற்றிக்கொண்டால் என்ன என்கிறீர்களா? புதிய பாய்லர் ஒன்றை வாங்கிப் பொருத்துவதற்கு இரண்டாயிரம், மூவாயிரம் பவுன் தேவை. 2025-26ஆம் ஆண்டில் அந்நாட்டின் முழு முதியோர் பென்ஷன் வாரத்துக்கு 230 பவுன். அதாவது, ஒன்பது முதல் பதின்மூன்று வாரங்கள் உண்ணாமல், உடுக்காமல், விளக்கேற்றாமல் இருந்தால் ஒரு மூதாட்டி பாய்லர் வாங்கலாம்! பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துப் பழுது பார்க்கவும் முடியாது. எரிவாயுக் கருவியைப் பதிவு பெற்ற தொழிலாளிதான் தொடலாம் என்பது சட்டம். நல்ல சட்டம், உயிர் காக்கும் சட்டம். ஆனால் கையிலே காசில்லாதவனுக்கு அது மூடிய கதவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாய்லர், வாங்குகிற எரிவாயுவில் பத்திலே ஏழு பங்கைத்தான் வீட்டுக்குத் தரும். மூன்று பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். புதியதோ பத்திலே ஒன்பது பங்கைத் தரும். ஆகவே, புதியது வாங்க வசதியுள்ளவன் குறைந்த செலவிலே குளிர் காய்கிறான். வசதியற்றவன் கூடுதல் செலவு செய்து குறைவாகக் குளிர் காய்கிறான். ஏழையாக இருப்பதற்கும் ஒரு கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!

வாடகை வீடென்றால், வெப்பம் தரும் கருவியைப் பழுது பார்க்கும் பொறுப்பு வீட்டுக்குடையவருடையது என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொந்த வீட்டிலே வாழும் ஏழைக்கு யார் பொறுப்பு? "அரசாங்கம் உதவாதா? செல்வச் செழிப்புள்ள நாடாயிற்றே!" என்று கேட்பீர்கள். உதவும். உதவுவதற்குத் திட்டங்கள் உண்டு. திட்டங்களுக்குப் பெயர்கள் உண்டு. பெயர்களுக்குப் படிவங்கள் உண்டு. அந்தப் படிவத்தின் முன்னே ஒரு மூதாட்டியை நிறுத்திக் காட்டுகிறேன். காட்சி கற்பனை, கேள்விகள் கற்பனையல்ல.

இடம்: வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு வீடு. காலம்: ஜனவரி, மாலை நான்கு மணி, இருட்டிவிட்டது. தோளிலே இரண்டு கம்பளிகளைப் போர்த்திய மூதாட்டி தொலைபேசியைக் காதிலே வைத்திருக்கிறாள். மறுமுனையில் ஓர் அலுவலர்.

"அம்மையீர், வீடு சொந்தமா, வாடகையா?"

"சொந்தம். என் கணவர் முப்பதாண்டு உழைத்து வாங்கியது."

"உதவித்தொகை ஏதேனும் பெறுகிறீர்களா?"

"முதியோர் பென்ஷன் வருகிறது, ஐயா."

"அது கணக்கில் வராது. குறைந்த வருவாய் உள்ளவர்க்கான பென்ஷன் கிரெடிட் பெறுகிறீர்களா?"

"அதற்கு நான் மனுப் போடவில்லை."

"ஏன் போடவில்லை?"

"எவரிடமும் கேட்டுப் பழக்கமில்லை, ஐயா."

"வீட்டின் எரிசக்தித் தரச் சான்றிலே உள்ள எழுத்து என்ன? 'ஏ' முதல் 'ஜி' வரையில் ஓர் எழுத்து இருக்குமே?"

"எழுத்து தெரியாது, ஐயா, குளிர் தெரிகிறது."

திரை விழட்டும். அந்த அலுவலர் கெட்டவர் அல்லர். அவர் கையிலே கொடுக்கப்பட்ட தாளைப் படிக்கிறார். குற்றம் அவர் நாவிலே இல்லை, தாளிலே இருக்கிறது. தாளைத் தயாரித்த தத்துவத்திலே இருக்கிறது!

அந்தத் தத்துவம் என்ன? "நீ நடுங்குவது போதாது, நடுங்குவதற்குச் சான்று கொண்டுவா" என்பதுதான்.

இதே நாடு ஒரு காலத்திலே வேறு விதமாகவும் நடந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துக்காட்டத்தான் எழுதுகோலை எடுத்தேன்.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள். லண்டன் மாநகரின்மீது பனிமூட்டம் படர்ந்தது. குளிர் கடுமை, வீடுதோறும் நிலக்கரி எரிந்தது, ஆலைகளும் மின்நிலையங்களும் கரியைக் கக்கின. புகையும் பனியும் கைகோத்துக்கொண்டு நகரத்தின் கழுத்தை நெரித்தன. ஐந்து நாட்கள்! நண்பகலிலே நடப்பவனுக்குத் தன் காலடி தெரியவில்லை. மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று அன்றைய கணக்கு கூறியது; 12,000 வரை இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் கூறினர்.

விளைந்தது 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். புகை தடுக்கப்பட்ட வட்டாரம் என்று ஒரு பகுதியை நகராட்சி அறிவிக்கும். அங்கே உள்ள வீடுகள் கரியடுப்பை மாற்றியாக வேண்டும். மாற்றும் செலவிலே பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து திருப்பித் தருவார்கள். எஞ்சிய மூன்று பங்கு ஏழைக்குப் பாரமாகவே இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சட்டம் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். "உன் வருவாய் எவ்வளவு?" என்று கேட்கவில்லை, "உன் வீடு எந்த வட்டாரத்தில் இருக்கிறது?" என்றுதான் கேட்டது. புகை எல்லார் நெஞ்சிலும் நுழைகிறது. ஆதலால் உதவி எல்லார் வீட்டிலும் நுழையட்டும் என்று கருதிய காலம் அது.

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1965இல் வட கடலின் அடியிலே இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை பிரிட்டனின் அடுப்புகளிலே எரிந்தது நிலக்கரியிலிருந்து காய்ச்சி எடுத்த வாயு. புதிய வாயுவுக்குப் பழைய அடுப்பு பொருந்தாது; ஒவ்வோர் எரிமுனையையும் மாற்றியாக வேண்டும். என்ன செய்தார்கள்? 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகள், தெருத்தெருவாக, வீடுவீடாகத் தொழிலாளர் சென்றனர். கதவைத் தட்டினர். அடுப்பு, கணப்பு, பாய்லர் என்று ஏறத்தாழ 4 கோடிக் கருவிகளை மாற்றியமைத்தனர். வீட்டுக்காரரிடம் அந்த வேலைக்குக் கட்டணம் கேட்கவில்லை. செல்வச் சீமாட்டியின் மாளிகையும் சுரங்கத் தொழிலாளியின் குடிலும் ஒரே பட்டியலிலே வரிசையாக நின்றன. எரிவாயுத் தொழில் அன்று நாட்டுடைமை. நாடே கதவைத் தட்டியது!

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். தனக்குத் தேவை என்றபோது அரசுக்கு ஒவ்வொரு வீட்டின் முகவரியும் தெரிந்திருந்தது. மூதாட்டிக்குத் தேவை என்றபோது மட்டும் மூதாட்டிதான் அரசின் முகவரியைத் தேடிக்கொண்டு போக வேண்டுமாம்!

பின்னாளில் வந்த திட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் 'வார்ம் ஃப்ரண்ட்' என்ற திட்டம் வந்தது. அரசின் பணத்திலே பாய்லரும் வெப்பக் காப்பும் தந்தது. 2013இல் மூடப்படுவதற்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு உதவியது. பாராட்டத்தக்க பணி. ஆயினும், குறிப்பிட்ட உதவித்தொகை பெறுவோர்க்கே என்ற வேலி அதற்கும் இருந்தது. குளிரால் வாடும் பலர் அந்த வேலிக்கு வெளியே நிற்கின்றனர் என்று தேசியத் தணிக்கை அலுவலகமே 2009இல் எடுத்துக்காட்டியது.

2010இல் பழைய பாய்லரைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவோர்க்கு 400 பவுன் சீட்டு, 1,25,000 வீடுகளுக்கு என்றார்கள். முந்தியவர் பெற்றார், சில மாதங்களிலே பணம் தீர்ந்தது. மீதி ஆயிரக்கணக்கான பவுனைக் கையிலே வைத்திருந்தவனுக்கே அந்த 400 பயன்பட்டது. கையிலே ஒன்றுமில்லாதவனுக்கு? ஏணி தருகிறேன் என்று சொல்லி மேல்படியை மட்டும் கொடுத்த கதை!

2013இல் 'கிரீன் டீல்' என்றார்கள். உதவி கிடையாது, கடன். வட்டியோடு மின்கட்டணத்திலே கழித்துக்கொள்வோம் என்றார்கள். ஊரெல்லாம் ஓடிவரும் என்று எதிர்பார்த்தார்கள்; ஏறத்தாழ 14,000 வீடுகள்தாம் கடன் பெற்றன. 2015இல் அரசு அதற்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது.

அதே 2013இல் மற்றொரு முறையும் தொடங்கியது. எரிசக்தி விற்கும் பெரு நிறுவனங்களே ஏழைகளின் வீடுகளைச் சீர்செய்ய வேண்டும் என்ற கடப்பாடு. கேட்கச் செவிக்கு இனிக்கிறது! ஆனால் அந்தச் செலவை நிறுவனங்கள் எங்கிருந்து எடுத்தன? எல்லாருடைய எரிபொருள் கட்டணத்திலும் சேர்த்து வாங்கின. பாய்லர் பெறாத ஏழையும், பாய்லர் பெற்றவனுக்காகக் கட்டணம் கட்டினான். அந்தக் கடப்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலே அறிவித்தார்கள்.

2022இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பாய்லர் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பெயரிலே பாய்லர் இருக்கிறது. திட்டம் தருவதோ எரிவாயு பாய்லரை நீக்கிவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் அனுப்பும் ஹீட் பம்ப் என்ற கருவியை வைப்பதற்கு. புவி சூடாவதைத் தடுக்க அது வேண்டிய மாற்றமே; குறை சொல்லேன். 2023 அக்டோபரில் அந்த உதவியை 7,500 பவுனாக உயர்த்தினார்கள். பெருந்தொகைதான். ஆனால் அந்தக் கருவியைப் பொருத்தும் செலவு பெரும்பாலும் பதினாயிரத்தைத் தாண்டுகிறது. மீதியை யார் தருவது? சேமிப்பு உள்ளவன் தருவான். சேமிப்பு இல்லாத மூதாட்டி, பொதுப்பணம் தன் தெருவைத் தாண்டித் தோட்டமும் மாடியும் உள்ள தெருவுக்குப் போவதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். அதை மறைத்துவிட்டு வாதாடுவது அறமாகாது. "வரிப்பணம் ஆயிற்றே! கேள்வி கேட்காமல் கொடுத்தால் பணக்காரனும் வாங்கிக்கொள்வானே! பொய்யன் புகுந்துவிடுவானே!" என்பார்கள்.

முதல் கேள்விக்கு விடை, வேலியின் இரு பக்கத்தையும் பாருங்கள் என்பது. தகுதியற்றவன் உள்ளே வருவதை எண்ணுகிறவர்கள், தகுதியுள்ளவன் வெளியே நிற்பதை எண்ணுவதில்லை. பென்ஷன் கிரெடிட் பெறத் தகுதியிருந்தும் பெறாமல் இருக்கும் குடும்பங்கள் எட்டு லட்சத்துக்கும் மேல் என்று 2024இல் அந்த அரசே மதிப்பிட்டது. அதே ஆண்டு ஜூலையிலே என்ன செய்தது தெரியுமா? 1997 முதல் முதியோர்க்கு வழங்கிவந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை, பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுவோர்க்கு மட்டும் என்று சுருக்கியது! கேட்டுப் பழகாதவள் ஒன்றை மட்டும் இழந்திருந்தாள். இப்போது இரண்டையும் இழந்தாள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது; 2025 ஜூனில், ஆண்டுக்கு 35,000 பவுன் வரை வருவாயுள்ள முதியோர் அனைவருக்கும் உண்டு என்று பின்வாங்கினார்கள். சில்லறையைச் சேமிக்கப் போய்ச் சீர்மையை இழந்த கதை அது.

மனுப் போட ஏன் கூசுகிறாள் அந்த மூதாட்டி? அவள் பெற்றோரின் நினைவு அவள் நெஞ்சிலே இருக்கிறது. 1931இல், வேலையிழந்தோர்க்கு உதவுவதற்கு முன்னே, குடும்பம் முழுவதன் வருவாயையும் சோதிக்கும் முறையை அந்நாடு கொண்டுவந்தது. அதிகாரி வீட்டுக்குள்ளே வந்தார். மகளின் கூலியைக் கேட்டார், நாற்காலியை எண்ணினார். உதவி கேட்ட குற்றத்துக்காக, உழைத்து வாழ்ந்த மக்கள் தலைகுனிந்து நின்றனர். ஒரு தலைமுறை பட்ட அவமானம் அடுத்த தலைமுறைக்குக் கூச்சமாகப் பாய்கிறது.

பொய்யன் புகுவான் என்ற இரண்டாவது கேள்விக்கு விடையை அந்நாட்டுத் தணிக்கையே தருகிறது. நிறுவனக் கடப்பாட்டுத் திட்டத்திலும் அதனோடு இணைந்த திட்டத்திலும் வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு பூசப்பட்ட வீடுகளில், 100க்கு 98இல் பெருங்குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிவித்தது. திருத்தாவிட்டால் ஈரமும் பூஞ்சையும் வரும் குறைகள்! குளிருக்கு மருந்தென்று கொடுத்ததே நோயாயிற்று. படிவங்கள் எங்கே போயின? மூதாட்டியின் பணப்பையைத் துருவித் துருவிப் பார்த்த கண்கள், ஒப்பந்தக்காரர் பூசிய சுவரைப் பார்க்கவில்லை! சோதனை வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் சோதிக்க வேண்டிய இடம் ஏழையின் வருவாய் அன்று. ஏழையின் பெயரால் செய்யப்பட்ட வேலை!

என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்நாட்டு வரலாறே வழிகாட்டுகிறது. 1956இல் செய்ததுபோல, ஆளைக் கேளாமல் வட்டாரத்தைக் கேட்கட்டும். 1967இல் செய்ததுபோல, விண்ணப்பத்துக்குக் காத்திராமல் தெருவுக்குள் இறங்கட்டும். பழுது பார்த்தால் போதுமென்ற பாய்லரைப் பழுது பார்க்கட்டும். மாற்ற வேண்டியதை மாற்றட்டும். ஹீட் பம்ப்தான் நாளைய வழி என்றால், ஏழையின் வீட்டிலே முழுச் செலவையும் ஏற்று முதலிலே அங்கே வைக்கட்டும். செல்வனும் பெறுவானே என்றால், அவன் பங்கை வரியாக வாங்க வழியா இல்லை? வரி விதிப்பவனுக்கு அவன் வருவாய் முன்னரே தெரியுமே!

இது நடவாத கனவன்று. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் தொடங்கிய உள்ளாட்சி வழி உதவித் திட்டத்திலே, மிகவும் வறிய பகுதிகள் என்று குறிக்கப்பட்ட அஞ்சல் வட்டாரங்களில் வாழ்வோர் வருவாய்ச் சான்று காட்ட வேண்டியதில்லை என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சிறு வாயில்தான், ஆனால் சரியான திசையில் திறந்த வாயில். அதை அகலமாக்குவதுதான் அடுத்த கடமை.

"லண்டன் குளிருக்கு நாம் ஏன் இங்கே போர்வை தேட வேண்டும்?" என்று எவரேனும் கேட்கலாம். 1997இல் இந்திய ஒன்றிய அரசு, ரேஷன் அட்டைக் குடும்பங்களை வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைத் தன் நியாயவிலைக் கடை வாசலிலே போட மறுத்து, அனைவருக்குமான அரிசி முறையைத் தொடர்ந்தது. கோடு போட்டால், கோட்டின் தவறான பக்கத்திலே நிற்பவள் பெரும்பாலும் ஏழைத்தாயே என்று உணர்ந்த நிலம் இது. ஆகவே பிரிட்டனின் படிவத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. நாளை நம் நாட்டிலேயே ஒரு நலத்திட்டம், "சான்று எங்கே? சான்றுக்குச் சான்று எங்கே?" என்று கேட்கத் தொடங்கினால், அதைத் தட்டிக் கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

தோழர்களே! ஓர் அரசின் இரக்கத்தை அளப்பதற்கு, அது ஒதுக்கிய கோடிகளை மட்டும் எண்ணாதீர்கள். அந்தக் கோடிக்கும் மூதாட்டியின் சமையற்கட்டுக்கும் இடையே எத்தனை கதவுகள், எத்தனை கேள்விகள், எத்தனை கையொப்பங்கள் என்பதையும் எண்ணுங்கள். ஜனவரி மாலை நான்கு மணிக்கு, இரண்டு கம்பளிகளோடு, அவள் இன்னும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தேவை இன்னொரு படிவம் அன்று. கதவு தட்டப்படும் ஓசை.